புலியா, கங்காவா?

கடலூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு நாவலைப் படித்துவிட்டு அதன் படத்தையும் போட்டுப் பார்க்கிறோம். அடுத்த மாதத்துக்குப் போட்டியில் நிற்பவை 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 'லைஃப் ஆஃப் பை'. முதலாவதை எழுதிய ஜெயகாந்தன் கடலூரில் பிறந்தவர், ஆனால் கதை நடப்பது சென்னையில். மற்றதை எழுதிய யான் மார்ட்டெல் கனடாக்காரர், ஆனால் கதை தொடங்குவது பக்கத்துப் புதுச்சேரியில். ஊர்ப்பாசத்தை எந்தப் பக்கம் வைப்பது?

சரி, ஊரை விடுங்கள். இரண்டிலும் ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. ஜெயகாந்தன் முதலில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிச் சீரழிந்து வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே சம்பவத்துக்கு ஆளாகும் கங்காவுக்கு அப்படி ஒரு தாய் வாய்க்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்து, அண்ணன் வீட்டை விட்டே விரட்டுகிறான். பல வருடம் கழித்து அந்தச் சிறுகதை அவள் கண்ணில் படுகிறது. 'லைஃப் ஆஃப் பை' நாயகன் பை பட்டேலுக்கும் அப்படித்தான். 227 நாள் கடலில் புலியோடு கிடந்த கதை ஒன்று, புலியே இல்லாத கோரமான கதை இன்னொன்று.

2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தில் இயக்குநர் ஆங் லீ செய்தது பெரிய வித்தை. கடல் காட்சிகளைத் தைவானில் பிரம்மாண்டமான அலைத்தொட்டி கட்டி எடுத்தார். பறக்கும் மீன்கள் வரும்போது திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், மீன்கள் அந்தப் பட்டையையும் தாண்டித் துள்ளும். ஆனால் எனக்குப் பிடித்தது மருத்துவமனைக் காட்சிதான் (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்). புலியில்லாத கதையைப் பை வாயால் மட்டும் சொல்கிறான். கேமரா அவன் முகத்தை விட்டு அகலவில்லை. துணிச்சலான தேர்வு, ஆனால் சிக்கலும் அங்கேதான். நாவலில் இரண்டு கதையும் வெறும் எழுத்து, இரண்டுக்கும் சம எடை. படத்தில் புலியை நாம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம், மற்றது காதில் விழுந்த செய்தி. தராசு புலிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாவலில் இல்லாத ஆனந்தி என்ற காதலியைச் சேர்த்ததும் எனக்கு ஒட்டவில்லை.

'பாசமலர்' எடுத்த பீம்சிங் 1977இல் கங்காவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். திரைக்கதை ஜெயகாந்தனுடையது. நாவலில் கங்கா தனக்குத்தானே பேசிக்கொள்வது பக்கம் பக்கமாக வரும், தன்னையே குத்திக் கிழிக்கும் அந்தக் கிண்டலைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? பீம்சிங் கங்காவாக நடித்த லட்சுமியின் முகத்தை நம்பினார். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. கதை சொல்பவனின் குரலை ஜெயகாந்தனே எழுதிய ஒரு பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள், இசை எம்.எஸ்.விஸ்வநாதன். நாவலைச் சினிமாவாக்குவதில் நம் பாட்டு இவ்வளவு உருப்படியாகப் பயன்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. குறையும் உண்டு. வசனம் அதிகம். சில இடங்களில் மேடை நாடகம் பார்ப்பது போலிருக்கும். ஆனாலும் கங்கா வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாவல் படிக்கும்போது இருந்த அந்த வேலை படத்திலும் மிச்சமிருக்கிறது.

என் ஓட்டு கங்காவுக்கு. பை படத்தைப் போட்டால் வேறொரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் முதல் அரை மணி நேரம் 'அது எந்தத் தெரு, இது எந்தத் தெரு' என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். புலிக்கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்த அந்த மருத்துவமனைக் காட்சியை மட்டும் முதலில் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தை மட்டும் வைத்து எவ்வளவு சொல்லலாம் என்று பார்த்துவிட்டு, அப்புறம் லட்சுமியைப் பார்க்கட்டும்.