ஒற்றை டேங்குக்கு எத்தனை கிலோ விங்? ஆறு வருடம், மூன்று விங்குகள்

புதுச்சேரியில் ஒரு ஸ்கூபா டைவ் முடிவில், 5 மீட்டர் ஆழத்தில் சேஃப்டி ஸ்டாப்புக்காக, அதாவது மேலே வரும்முன் சில நிமிடம் நிற்பதற்காக, நின்றுகொண்டிருந்தேன். முதுகில் விங், அதாவது மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் மாட்டும் காற்றுப் பை. டேங்கில் காற்றின் அழுத்தம் 60 பார் இருந்தது. அலை மேலே தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே போவது போலத் தெரிந்ததும் விங்கிலிருந்து காற்றை வெளியேற்றும் பின்பக்க டம்ப் வால்வின் கயிற்றை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. விங்கில் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினேன். நாலு குமிழி வந்தது, அவ்வளவுதான். அதற்குள் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் 2 மீட்டர் காட்டியது. விங்கில் காற்று இருக்கிறது, ஆனால் வெளியேறும் வழி எதிலும் அது வந்து நிற்கவில்லை. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்த பிறகுதான் எங்கோ மடிப்பில் மாட்டியிருந்த காற்று புறப்பட்டுப் போனது. அதற்குள் நான் மேற்பரப்புக்கே வந்துவிட்டேன்.

அன்று என் முதுகில் இருந்தது 18 கிலோ தூக்கும் விங். பெட்டியில் 40 பவுண்ட் என்று போட்டிருப்பார்கள். விற்றவர், ஒற்றை டேங்குக்கும் இரட்டை டேங்குக்கும் சேர்த்து இதுவே போதும், பெரியதாக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு வருடம் அதையே பயன்படுத்தினேன்.

நான் இறங்குவது பெரும்பாலும் புதுச்சேரிக் கடலில். டெம்பிள் ரீஃப் மாதிரி 18 மீட்டர் சுமாருக்கு உள்ள இடங்கள். வருடத்துக்கு ஒரு முறை அந்தமானில், ஹேவ்லாக் என்று இன்னும் நாம் சொல்லும் ஸ்வராஜ் தீவுக்குப் போவேன். தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி. உடம்பில் 3 மி.மீ. தடிமனுள்ள நியோப்ரீன் (குமிழிகள் அடங்கிய ரப்பர்) வெட்சூட், முதுகில் ஸ்டீல் பேக்பிளேட் (டேங்கையும் விங்கையும் மாட்டும் தகடு), அலுமினியம் 80 என்ற ரக டேங்க். நம் பக்கத்தில் டைவ் செய்கிற பலருடைய அமைப்பும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் என் கணக்கு அவர்களுக்கு நேரடியாக உதவும் என்று நினைக்கிறேன்.

பேக்பிளேட் வடக்கு ஃப்ளோரிடாவின் குகை டைவர்களிடமிருந்து வந்த ஏற்பாடு. 1979-இல் கிரெக் ஃப்ளானகன் உருவாக்கினார், பிறகு வில்லியம் ஹோகார்த் மெயின் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். பேக்பிளேட்டை உடம்போடு ஒரே நீளப் பட்டியில் கட்டும் ஹார்னஸை ஹோகார்த்தியன் என்று சொல்வது அவர் பெயரால்தான். அந்தக் குகைகளுக்குள் போகிறவர்கள் முதுகில் இரட்டை டேங்க் இருக்கும். அவர்களுக்கு அகலமான, பெரிய விங் தேவை. அதே அளவை அலுமினியம் 80 ஒன்றுக்குப் பின்னால் மாட்டினால், விங்கின் இரண்டு ஓரமும் மேலே எழும்பி டேங்கைப் போர்வை மாதிரிச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுற்றலுக்குள் காற்று அகப்பட்டால் வால்வு பக்கம் வராது. என் சேஃப்டி ஸ்டாப்பில் நடந்தது இதுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது, அது புரிய எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தை நான் 2 கிலோ அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய விங் அதை வெளியே தெரியாமல் மறைத்துவிட்டது. 1 கிலோ ஈயம் அதிகமானால், அதைச் சமன் செய்ய ஏறக்குறைய 1 லிட்டர் காற்றை விங்கில் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. கீழே நிம்மதியாக இருந்த ஆள் மேலே வர வரத் தடுமாறுவது இதனால்தான். சின்ன விங்காக இருந்திருந்தால் ஈயம் அதிகம் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, நமக்கு எத்தனை கிலோ வேண்டும்? நான் செய்ததைச் சொல்கிறேன். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பினேன். வெட்சூட்டை நன்றாக நனைத்து, அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒரு வலைப் பையில் போட்டேன். அது மூழ்கும்வரை ஒவ்வொன்றாக ஈயம் சேர்த்தேன். என் 3 மி.மீ. முழு வெட்சூட் சுமார் 2 கிலோவைத் தாங்கியது. நண்பரின் 5 மி.மீ. வெட்சூட் 4 கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. கடல் நீரில் இது சற்றே கூடும்.

அடுத்தது டேங்கில் உள்ள காற்று. அதற்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அலுமினியம் 80 டேங்கில் சுமார் 11 லிட்டர் இடம். 200 பார் நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று 2.7 கிலோ சுமார் வரும். டைவ் ஆரம்பிக்கும்போது இந்த எடை நம்மிடம் இருக்கிறது, முடியும்போது பெரும்பகுதி இல்லை. அதனால்தான் நிறைந்த அலுமினியம் டேங்க் கிட்டத்தட்ட 0.7 கிலோ அளவுக்கு மூழ்கப் பார்க்கிறது, காலியான பிறகு 2 கிலோ அளவுக்கு மிதக்கப் பார்க்கிறது.

ஈயத்தைச் சரியாகக் கட்டியிருந்தால், டைவ் முடிவில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில், விங்கில் ஏறக்குறைய காற்றே இல்லாமல் அசையாமல் நிற்க முடியும். அப்படியானால் விங் தூக்க வேண்டியது இரண்டே இரண்டைத்தான்: ஆரம்பத்தில் டேங்கில் இருக்கும் காற்றின் எடை, ஆழத்தில் வெட்சூட் நசுங்குவதால் போகும் மிதப்பு. 18 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 2.8 மடங்கு. நியோப்ரீனுக்குள் இருக்கும் குமிழிகள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். என் 2 கிலோவில் 1.3 கிலோ போய்விடும் என்று வைத்துக்கொண்டேன். 2.7 உடன் 1.3 சேர்த்தால் 4 கிலோ. வெட்சூட் மிதப்பு முழுவதும் போனாலும் 4.7 கிலோதான். கேமரா, டார்ச் எல்லாம் இந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டன, ஏனென்றால் அவற்றோடு சேர்த்துத்தான் ஈயத்தைச் சரிபார்த்தோம்.

இந்த எண் வந்த அன்று நான் நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவை 5 கிலோகூட இல்லை. வாங்கியது 18.

அப்புறம் 8 கிலோ விங் வாங்கினேன். 18 பவுண்ட். குறுகலானது, டேங்கின் அகலத்தைத் தாண்டி அதிகம் வெளியே வராது. முதல் டைவிலேயே தண்ணீருக்குள் போகும் விதம் மாறிவிட்டது. ஒரு உதை உதைத்தால் முன்பு போனதைவிடத் தூரம் போனேன். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் எதிரே வந்த நாட்களில் இது நன்றாகவே தெரிந்தது. இன்ஃப்ளேட்டரைத் தொடுவது குறைந்தது. ஒன்றரை வருடம் அந்த விங்கை மனதாரப் பயன்படுத்தினேன். இன்றும் அதன்மேல் எனக்குக் குறை இல்லை. நான் கணக்கில் விட்ட ஒரு விஷயம்தான் அதன் எல்லையைக் காட்டியது.

நம் பக்கத்துச் சின்னப் படகுகளில் பல நேரம் தண்ணீரிலேயே டேங்க், விங் எல்லாம் சேர்ந்த கருவியைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டுத்தான் ஏறுவோம். ஒரு நாள் டைவை ஆரம்பிக்கும் முன்பே காதில் தொந்தரவு வந்ததால் இறங்காமல் திரும்பினேன். டேங்க் முழுசாக இருந்தது. அன்று வெயிட் பெல்ட்டை விட்டுவிட்டு, 4 கிலோ ஈயத்தையும் டேங்க் பட்டியில் உள்ள பைகளில் போட்டிருந்தேன். விங்கை முழுக்க நிரப்பி, பட்டிகளைக் கழற்றி, கருவியைப் படகை நோக்கித் தள்ளினேன். டேங்க் வால்வு தண்ணீருக்குள் போனது, பின்னாலேயே மொத்தமும் இறங்க ஆரம்பித்தது. படகில் இருந்த அண்ணன் எட்டி, மூச்சுக்கான ரெகுலேட்டர் குழாயைப் பிடித்ததால் தப்பித்தது. பிறகு கூட்டிப் பார்த்தேன்: ஸ்டீல் பேக்பிளேட் 2.7, நிறைந்த டேங்க் 0.7, ரெகுலேட்டரும் கொக்கிகளும் 1.5 சுமார், ஈயம் 4. ஏறக்குறைய 9 கிலோ. 8 கிலோ விங் அதை மிதக்க வைக்காது.

ஆக, இரண்டு கணக்கு போட வேண்டும். தண்ணீருக்குள் நம்மைத் தூக்க எவ்வளவு, தண்ணீர்மேல் நாம் இல்லாமல் கருவி மட்டும் மிதக்க எவ்வளவு. எது பெரியதோ அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான கடலில் இரண்டாவது கணக்குதான் பெரியதாக வரும், அதைத்தான் நாம் போடாமல் விடுகிறோம்.

அந்தச் சம்பவத்துக்கு முதல் மருந்து விங்கை மாற்றுவது இல்லை, ஈயத்தை இடம் மாற்றுவதுதான். 2 கிலோவை இடுப்பு பெல்ட்டுக்குக் கொண்டுபோனேன். கருவி மிதந்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆழத்தில் விங் கிழிந்தாலோ இன்ஃப்ளேட்டர் குழாய் கழன்றாலோ, பெல்ட்டை விட்டுவிட்டு நீந்தி மேலே வரலாம். எல்லா எடையையும் கழற்ற முடியாத இடத்தில் வைப்பது நல்லதில்லை. இதை மட்டும் நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன்.

மூன்றாவது விங் 12 கிலோ, 27 பவுண்ட். இரண்டரை வருடமாக இதுதான் என்னிடம். இதற்கு மாறக் காரணம் இங்கிலாந்து. வேலைக்காக அங்கே சில மாதம் இருந்தபோது, லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் என்ற பழைய கல் குவாரியில் டைவ் செய்தேன். தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி ஆகிவிட்ட இடம். வாடகைக்கு எடுத்த 7 மி.மீ. வெட்சூட், தலைக்கு ஹூட், 12 லிட்டர் ஸ்டீல் டேங்க். 232 பார் நிரப்பினால் அதில் காற்று மட்டும் 3.3 கிலோ. வெட்சூட்டை அங்கேயும் அளந்தேன், 7 கிலோ. ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகை அங்கே 2000-இல் மூழ்க வைத்திருக்கிறார்கள். அது 20 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே கிடக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும்போது வெட்சூட் தன் மிதப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருக்கும். அதோடு டேங்க் காற்றைச் சேர்த்தால் 8 கிலோ. என் பழைய விங் விளிம்புவரை நிரம்பி, இனி ஒரு மூச்சுக் காற்றுக்கும் இடமில்லாமல் நின்றிருக்கும். 12 கிலோ விங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அதே விங்கைப் புதுச்சேரியில் மாட்டினால் ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்புகிறது.

பெரிய விங் வேண்டாம் என்று தொடங்கிய நான் 8-லிருந்து 12-க்கு ஏறியது முரணாகத் தோன்றலாம். ஆனால் இந்த 12 கிலோ விங்கும் குறுகலானதுதான், ஒற்றை டேங்குக்கென்றே வெட்டியது. டேங்கைச் சுற்றிக்கொள்வதில்லை. எண்ணைவிட அகலம்தான் முக்கியம் என்பது ஆறு வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. வாங்கும்முன் உங்கள் டேங்கில் மாட்டி, பாதி நிரப்பி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஓரங்கள் டேங்கின் முதுகைத் தாண்டி எழும்பினால் விட்டுவிடுங்கள். அடுத்தது வடிவம். குதிரை லாட வடிவத்தில் கீழ்ப்பக்கம் பிரிந்திருக்கும், ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் போக மேலே ஏறித்தான் போக வேண்டும். வட்டமாக, வடை மாதிரி நடுவில் திறந்த வடிவத்தில் கீழேயும் வழி உண்டு. லாட வடிவத்தை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வட்டம்தான் பிடித்திருக்கிறது, இடது கீழ் வால்வுக்குக் காற்றைக் கொண்டுவர லேசாகச் சாய்ந்தாலே போதும்.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. ஒவ்வொரு நாளும் முடிந்ததும் இன்ஃப்ளேட்டர் வாய் வழியாக நல்ல தண்ணீர் ஊற்றி, குலுக்கி, டம்ப் வால்வு வழியாக வடித்துவிடுவேன். பாதி காற்றோடு நிழலில் தொங்க விடுவேன். ஒரே ஒரு முறை டம்ப் வால்வின் ரப்பர் அடியில் மணல் துகள் மாட்டி மெதுவாகக் கசிந்தது. கழற்றிக் கழுவியதும் நின்றது.

3 மி.மீ. வெட்சூட், அலுமினியம் டேங்க், ஈயத்தில் ஒரு பகுதி பெல்ட்டில் என்று இருப்பவர்கள் 8 முதல் 10 கிலோவுக்குள் நிம்மதியாக வாங்கலாம். எல்லா ஈயமும் கருவியிலேயே இருக்க வேண்டும் என்றால், அல்லது 5 மி.மீ. போடுகிறவர் என்றால், 12. ஒற்றை டேங்கில் 18 கிலோவுக்கு நம் கடலில் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நீல டிரம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. சென்ற மாதம் அதே 3 மி.மீ. வெட்சூட்டை மறுபடி அளந்தேன். ஆறு வருடம் நசுங்கி நசுங்கி நியோப்ரீன் மெலிந்துவிட்டது, இப்போது 1.5 கிலோதான் தாங்குகிறது. பெல்ட்டிலிருந்து அரைக் கிலோ ஈயத்தை எடுத்துவிட்டேன்.