அக்யூ-செக் இன்ஸ்டன்ட்: அம்மாவின் களி கணக்கைத் தீர்த்த மெஷின்

சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்ததும் அம்மா செய்தது ஒன்றே ஒன்றுதான், சோற்றை நிறுத்திவிட்டு மூணு வேளையும் கேழ்வரகு. களி, கூழ், அடை. எங்கள் வேலூர்ப் பக்கம் கேழ்வரகுக்கு இருக்கிற மரியாதை அப்படி, அதைச் சாப்பிட்டால் சுகர் ஏறவே ஏறாது என்று அடித்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தீர்த்தது காட்பாடியில் வாங்கிய, வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கிற இந்த மெஷின்.

பயன்படுத்துவது சுலபம். ரத்தம் தொடுகிற ஸ்ட்ரிப்பைச் செருகினால் தானாக ஆன் ஆகும், ஸ்ட்ரிப் டப்பாவின் கோட் (code) நம்பரை மெஷினில் பதிகிற தொல்லை இல்லை, துளி ரத்தம் போதும், நாலு செகண்டுக்குள் எண் வந்துவிடும். எழுத்து பெரிசு, அம்மா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மதியம் ரெண்டு உருண்டை களி, கீரைக் கடைசல். சாப்பிட ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 241. "மெஷின் ரிப்பேருடா" என்றார். மறுநாள் சின்னதாக ஒரே உருண்டை, கீரையை அள்ளி வைத்து, கூட ஒரு முட்டை: 168. கேழ்வரகில் நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் உண்டுதான், ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அளவு மீறினால் ஏறத்தான் செய்யும். டாக்டர் இதையே சொன்னபோது சும்மா தலையாட்டிவிட்டு வந்தவர், எண்ணைப் பார்த்த பிறகுதான் வழிக்கு வந்தார். இப்போது தட்டில் பாதி காய். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்த அன்றைக்குக் களி தானாகவே குறைந்துவிடுகிறது.

இன்னொரு சாயங்காலம் அம்மாவுக்குக் குப்பென்று வியர்த்து, கை நடுங்கியது. நம்ம ஊர் வெயிலுக்கு யாராக இருந்தாலும் மயக்கம் என்றுதான் படுக்க வைப்பார்கள். பார்த்தால் 63. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தோம். அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

குறை? ஸ்ட்ரிப் விலைதான். மெஷின் வாங்குவது ஒரு தடவை, ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்று கிட்டத்தட்ட 20 ரூபாய். அப்புறம், டப்பாவை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், மே மாசத்து வேலூரில் எங்கே போய் வைப்பது! ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் பட்டுக் கெடும், நாங்கள் உள் அறை அலமாரியில், மூடியை இறுக்கி வைத்திருக்கிறோம். லேப் எண்ணோடு அச்சாக ஒத்துப்போகவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், வீட்டு மெஷினில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். மூணு மாசச் சராசரி சொல்கிற எச்பிஏ1சி டெஸ்ட்டுக்கு லேபுக்குத்தான் போக வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் எண் எகிறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு.

வாங்கும்போது ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி பாருங்கள். ஒரு கடையில் அடுத்த மாசம் காலாவதியாகிற 50 ஸ்ட்ரிப் டப்பாவைத் தள்ளுபடி என்று நீட்டினார்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் 10 ஸ்ட்ரிப் டப்பா வாங்கினேன். தினமும் பார்க்காதவர்களுக்கு அதுவே போதும்.