மனிதநேய அமைப்புக்குக் கிளை தொடங்குகிறீர்களா? கையேட்டைவிட ஆள் துணை முக்கியம்

கடவுளையும் மதத்தையும் சாராமல், பகுத்தறிவையும் சக மனிதர் மீதான அக்கறையையும் வைத்து வாழ்வதே மனிதநேயக் கொள்கை. அதற்கு ஊர்தோறும் கிளைகள் தொடங்குபவர்களுக்கு எங்கள் தலைமை அமைப்பு ஒரு கையேட்டைத் தருகிறது. ஏற்கெனவே கிளை நடத்திப் பழகிய ஒருவரையும் துணைக்கு அமர்த்துகிறது. இரண்டையும் பயன்படுத்திக் கிளை தொடங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: கையேடு பரவாயில்லை, துணைக்கு வந்த அம்மையார்தான் இந்தச் சேவையின் உயிர்.

மாதிரித் துணைவிதிகள், பொறுப்பாளர் தேர்வு, வரவு செலவு எல்லாம் கையேட்டில் தெளிவாக இருக்கின்றன. இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும்படி வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்வது நல்ல யோசனை. வரலாற்றுப் பகுதிதான் நீளம். 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி தலைமையில் கூடிய மனிதநேய மாநாடு, மனிதநேயக் கொள்கைகளைச் சொல்லி அங்கே பிறந்த பிரகடனம், 2002, 2022 திருத்தங்கள் என்று போகிறது. அந்தப் பிரகடனத்தை அச்சிட்டு வருகிறவர்கள் கையில் கொடுத்தாலே போதும்.

முதல் கூட்டத்துக்குக் கையேடு பரிந்துரைக்கும் தலைப்பு, கடவுள் உண்டா இல்லையா என்பது. அம்மையார் அதை ஏற்கவில்லை. "வாதாடப் பிடித்தவர்கள் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் மறுமுறை வரமாட்டார்கள்" என்றார். அதற்குப் பதிலாக, "அண்மையில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு எது? எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டோம். கதவோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவர், நினைவு தப்பிய தன் தாயைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா, வேலையை விட்டுவிட்டு உடனிருப்பதா என்று திண்டாடியதைச் சொன்னார். அதன்பின் கூட்டம் தானாக நடந்தது. அவர் இன்று எங்கள் பொருளாளர்.

பெரிய குறை ஒன்று உண்டு. சடங்கில்லாத இறுதி நிகழ்ச்சியை நடத்தித் தர முடியுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது, கையேட்டைப் புரட்டினால் ஒரு பத்திதான் இருந்தது. தலைமையகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகே பதில் வந்தது. துக்கத்தில் இருப்பவரை இப்படிக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மையார்தான் தமக்குத் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பிவைத்தார். மறைந்தவரின் கடிதங்களிலிருந்து அவர் வாசித்துக் காட்டியதைக் குடும்பத்தார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கிளை தொடங்க நினைப்பவர்கள் இந்தச் சேவையைத் தயங்காமல் கேட்டுப் பெறலாம். விண்ணப்பத்தில் துணையாளர் வேண்டுமா என்ற கட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் குறிக்காவிட்டால் கையேடு மட்டும்தான் வரும்.