நோட்டு எண்ணும் ரப்பர் கேப்: 8 மாத அனுபவம்

வங்கியில் காசாளர் நோட்டு எண்ணும்போது விரலில் ஒரு ரப்பர் கேப் மாட்டியிருப்பார், பார்த்திருப்பீர்கள். மேலே பொடிப்பொடியாக முள் போன்ற புள்ளிகள், காற்றுப் போக நாலைந்து ஓட்டை. ஸ்டேஷனரி கடையில் ஒன்று 10 ரூபாய் என்று வாங்கினேன். எனக்கு 12 வயதிலிருந்து தலைமுடியைப் பிடுங்கும் பழக்கம் இருக்கிறது. இப்போது 35. இந்த 8 மாதமாக அந்தக் கேப்பை இதற்காகத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு உச்சந்தலையில் இடப்பக்கம். டிவி பார்க்கும்போது, கணக்குப் பார்க்கும்போது, கை தானாக அங்கே போய்விடும். எந்த முடியும் சரி என்று கிடையாது. நெளிந்து, சொரசொரப்பாக, பக்கத்து முடியைவிடத் தடிமனாக ஒன்று அகப்படும்வரை விரல் நுனி தேடிக்கொண்டே இருக்கும். அகப்பட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு. வேரோடு வந்தால் அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் இருக்கும். அதை உதட்டில் வைத்துத் தடவிப் பார்ப்பேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 வருடம் நான் ஒருத்திதான் உலகத்திலேயே இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பெண் அப்படி நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் புழுவெட்டு என்றே நம்பினார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கி எரிய எரியத் தேய்த்தார் அம்மா. 13 வயதில் பழனியில் மொட்டை போட்டார்கள். முடி நன்றாகத்தான் முளைத்தது. விரலால் பிடிக்கிற நீளம் வந்ததும் கையும் பின்னாலேயே வந்துவிட்டது. பிறகு ஒரு தோல் மருத்துவர் இரண்டு வருடம் லோஷன் எழுதிக் கொடுத்தார். "நீயே பிடுங்குகிறாயா?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கோவையில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனேன். அவர்தான் இதற்குப் பெயர் இருக்கிறது என்றார்: ட்ரைக்கோட்டிலோமேனியா. 1889-இல் அல்லோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் வைத்த பெயர். அதில் வரும் 'மேனியா' எனக்கு வலித்தது, நான் பைத்தியமா என்று கேட்டே விட்டேன். இல்லை என்றார். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் 'முடி பிடுங்கும் கோளாறு' என்ற எளிய பெயரையும் சேர்த்து, ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) இருக்கிற அதே பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார். நகம் கடிப்பது, தோலைப் பிய்ப்பது எல்லாம் இதோடு உறவு. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கலாம் என்றார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் கற்றுக்கொடுத்தது 1973-இல் அஸ்ரின், நன் என்ற இருவர் வகுத்த பழக்கத்தை மாற்றும் பயிற்சி. முதலில் கை எப்போது போகிறது என்று கவனிக்க வேண்டும். போகும்போது அதற்குப் பதிலாக வேறு ஒன்றைச் செய்ய வேண்டும். நான் ஒரு நிமிடம் கையை இறுக்க மூடிக்கொள்வேன். மூன்றாவது, கூட இருப்பவர்களின் உதவி. நாள், நேரம், இடம், எந்தக் கை என்று ஒரு 40 பக்க நோட்டில் எழுதச் சொன்னார். எழுதியபோதுதான் தெரிந்தது: இரவு ஒன்பதரைக்கு மேல், வலது கையில் போன் இருக்கும்போது, இடது கை. அப்புறம் செவ்வாய்க்கிழமைகள்.

செவ்வாய்க்கு ஒரு காரணம் உண்டு. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். செவ்வாய் சந்தை நாள். அன்று இரவு ரொக்கம் சரியாக வந்து நிற்கிறவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்படி ஒரு இரவு, மேசை மேல் விழுந்த முடிகளை வெள்ளைத்தாளில் சேர்த்து எண்ணினேன். 43. பக்கத்தில் காசு எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் நான் ரப்பர் கேப்பையே பார்ப்பதைப் பார்த்து, "புதுசு ஒண்ணு இருக்குதுங்க, வேணுங்களா?" என்று நீட்டினார். போட்டுக்கொண்டேன், கடையில் வாங்கத் தொடங்கியது பிறகுதான். அன்று இரவு கை மேலே போனது, ஆனால் தேடியது கிடைக்கவில்லை. விரல் நுனிக்கு எந்த முடி நெளிந்தது, எது நேரானது என்று தெரியவில்லை. கை தானாகவே இறங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முக்கியமான விஷயம்: கேப்பை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். புள்ளி வெளியே இருந்தால் அது நோட்டைப் பிடிக்கிற மாதிரி முடியையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் எனக்கு அதுதான் நடந்தது. திருப்பிப் போட்டால் வழுவழுப்பான பக்கம் வெளியே வரும், முடி வழுக்கிவிடும். புள்ளிகள் உள்ளே விரல் நுனியில் குத்திக்கொண்டே இருக்கும். அந்தக் குத்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. விரலுக்குத் தடவிப் பார்க்க ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு இது கிடைக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் வேண்டும். மூன்றாவது வாரம் வலது கை வேலையைத் தொடங்கியதால் இப்போது நாலு கேப். போன் பார்க்கும்போது மட்டும் வலதில் கழற்ற வேண்டியிருக்கிறது, ரப்பரோடு தொடுதிரை கேட்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட முடியாது. வியர்த்து விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும். கழற்றிக் காயவிட்டுப் போட வேண்டும். புதுசில் ரப்பர் நாற்றம் தாங்காது, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போடுங்கள். வீட்டு வேலை எதுவும் இதோடு ஆகாது.

இதற்கு முன் கையில் கட்டுகிற ஒரு பட்டை வாங்கியிருந்தேன், பல ஆயிரம் ரூபாய். கை தலைப்பக்கம் போனால் அதிரும். என் கை எத்தனை தடவை போகிறது என்று அது காட்டியது உண்மை, அந்த வகையில் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலை வாரினாலும் அதிர்ந்தது, பல் தேய்த்தாலும் அதிர்ந்தது. ஒரு மாதத்தில் அதிர்வே எனக்குப் பழகிவிட்டது.

கேப் எல்லா நாளும் காப்பாற்றும் என்று நினைத்து வாங்காதீர்கள். என்னை அறியாமல் கை போகும் நேரங்களுக்குத்தான் இது. மனசு நெருக்கடியில், வேண்டும் என்றே பிடுங்குகிற நாட்களில் நானே கேப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடுங்கியிருக்கிறேன். அந்த நாட்களுக்கு ஆலோசகர்தான், கேப் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பிடுங்கிய முடியை விழுங்குகிறவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முடி செரிக்காது, வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து அறுவைச் சிகிச்சைவரை போகலாம்.

அந்த 43 வந்த மேசையில் போன செவ்வாய் 6. உச்சியில் ஐந்து ரூபாய்க் காசு அளவு இருந்த வழுக்கையில் குட்டி முடி விறைத்து நிற்கிறது. அம்மாவிடம் ஆலோசகர் சொன்னதைச் சொல்லி, 'கையை எடு' என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். 23 வருடப் பேச்சை நிறுத்துவது அவருக்கும் எளிதாக இல்லை. இப்போது டிவி ரிமோட் பக்கத்திலேயே ஒரு ஜோடி வைத்திருக்கிறார். சீரியல் தொடங்கும்போது, "கேப்பு போட்டுட்டியா கண்ணு?" என்பார்.

கடையில் 'நோட்டு எண்ணுற ரப்பர்' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். சின்னது பெரியது என்று அளவு உண்டு. இறுக்கமாக எடுத்தால் விரல் மரத்துவிடும், தளர்வாக எடுத்தால் தூக்கத்தில் கழன்று தலையணைக்கு அடியில் கிடக்கும். விரலில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். இரண்டு மாதத்தில் ஓரம் கிழியத் தொடங்கும், நான் பத்துப் பத்தாக வாங்கி வைத்துக்கொள்கிறேன்.