பழைய மர்மப் படங்கள்: இரண்டாவது தடவை பார்க்கத் தாங்குபவை எவை?

கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் ஒரு படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்க்க முடிகிறதா? பழைய கிரைம் படங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். சின்ன வயதில் கடலூரில் கேபிள் டிவியில் பாதியிலிருந்து பார்த்த படங்களை இப்போது யூடியூபிலும் பழைய டிவிடிகளிலும் தேடிப் பிடித்து, முதல் காட்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிவு முன்பே தெரியும் என்பதால், கடைசி ரீலில் முகமூடியைக் கழற்றுவதை மட்டும் நம்பி எடுத்த படங்கள் அரை மணி நேரத்திலேயே வெளுத்துப் போகின்றன.

'அந்த நாள்' (1954) வெளுக்கவில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய ஏவி.எம். படம். வீணையில் அவ்வளவு பெரிய வித்துவான், தன் படத்தில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை, அதுவும் பாட்டுக்காகவே ஜனங்கள் தியேட்டருக்குப் போன காலத்தில். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943-ஐ ஒட்டிய கதை. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாய்கிறார். அப்புறம் சிஐடி அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வேறு வேறு சிவாஜி வருகிறார். முதல் தடவை பார்க்கும்போது சுட்டது யார் என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது தடவை, சொல்கிறவர் எதை மறைத்துச் சொல்கிறார், சிவாஜி எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனிக்க ஆரம்பித்துவிடுகிறோம். பண்டரிபாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு தடவை படத்தை ஓட்டிப் பாருங்கள், அது தனிப் படம்.

'புதிய பறவை' (1964) பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். முடிவு ஊருக்கே தெரியும் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன், தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எல்லோரும் இதைக் காதல் படம், சிவாஜி படம் என்கிறார்கள். எனக்கு இது தமிழில் வந்த மிகச் சிறந்த நாடகமாடிப் பிடிக்கும் படம். சிவாஜியின் செத்துப்போன மனைவி திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். வந்தவள் போலீஸ் ஏற்பாடு செய்த ஆள். காதலி சரோஜாதேவி போலீஸ், எம்.ஆர்.ராதா போலீஸ், மனைவியைக் கொன்றதை ஒரே ஒரு மனிதன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க அந்த வீட்டுக்குள் ஒரு முழு நாடகமே நடக்கிறது, அது நாடகம் என்று தெரியாத ஆள் சிவாஜி மட்டும்தான். இது தெரிந்த பிறகு சௌகார் ஜானகியைப் பாருங்கள். மனைவியாக நடிக்க வந்த பெண்ணாக நடிக்கிறார். அந்தத் திமிரும் சிரிப்பும் போட்ட வேஷம் என்று தெரிந்து பார்க்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் எடை கூடிவிடுகிறது. சரோஜாதேவி கண்கலங்கும் இடங்களில், இது வேலைக்காக அழுவதா நிஜ அழுகையா என்ற கேள்வி முதல் தடவை நமக்கு வரவே வராது. வங்காளப் படத்தைத் தழுவியதுதான், இருந்தாலும் இந்த நடிப்பு முழுக்க நம்முடையது.

பாலசந்தரின் 'பொம்மை'யும் (1964) அதே வருஷம்தான். குண்டு வைத்த பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது, குண்டு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கதைக்கு ரகசியமே தேவையில்லை, அதனால் எத்தனை தடவை பார்த்தாலும் பதற்றம் குறைவதில்லை. முடிவில் இயக்குநரே நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் நமக்கு அறிமுகம் செய்து வைப்பார், அதைப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள்.

'அதே கண்கள்' (1967) எனக்கு ஏமாற்றம். வேதாவின் இசைக்காக இன்னும் பத்துத் தடவை பார்க்கலாம், கலர் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜெய்சங்கரின் சிஐடி படங்கள் வேகத்துக்காகப் பார்க்கலாம், அவ்வளவுதான். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கொலைகாரனை மறைக்காமல் முன்னாலேயே காட்டிவிடுகிறது. அந்தத் தைரியம் பெரிய விஷயம், ஸ்ரீதேவி அந்த வீட்டுக்குள் தனியாக நடக்கும் காட்சிகள் இன்றும் வயிற்றைக் கலக்குகின்றன. ஆனால் பெண்கள் மேல் படம் கொட்டும் வெறுப்பை இப்போது சகித்துக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை. மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) தப்பித்துவிடுகிறது. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு சத்யராஜ் சும்மா நின்றாலே போதும்.

பாண்டிச்சேரிப் பக்கம் வந்தால் பிரெஞ்சுப் படங்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பெரியவர்தான் எனக்கு 'ரிஃபிஃபி' (1955) போட்டுக் காட்டினார், சப்டைட்டில் இல்லாமல். திருட்டு ஆரம்பிக்கும் இடம் வந்ததும், "இனிமே உனக்கு பாஷையே வேணாம் தம்பி, கையை மட்டும் பாரு" என்றார். ஏறக்குறைய அரை மணி நேரம் ஒரு வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. நகைக்கடைக்கு மேல்வீட்டில் இருந்துகொண்டு தரையில் ஓட்டை போடுகிறார்கள். சின்ன ஓட்டை விழுந்ததும் அதன் வழியாக ஒரு குடையைக் கீழே விட்டு விரிக்கிறார்கள், உடைகிற காரை கடைக்குள் விழுந்து சத்தம் போடாமல் குடையிலேயே தங்கிவிடுகிறது. அலாரத்தின் வாயைத் தீயணைப்பான் நுரையால் அடைக்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் போட்டு வேலையில்லாமல் செய்யப்பட்ட ஜூல்ஸ் டாஸின் பாரிஸில் எடுத்த படம் இது, பெட்டகம் திறக்கும் ஆளாக நடித்திருப்பதும் அவரேதான். அதே டாஸின் 1964-இல் எடுத்த 'டாப்காபி'யில் தரையைத் தொடாமல் கயிற்றில் இறங்கித் திருடுவார்கள். 'மிஷன் இம்பாசிபிள்' டிவி தொடர் (1966) பிறந்ததே அந்தப் படத்தின் பாதிப்பில்தான்.

டிவி என்றால் எனக்கு அமெரிக்கத் துப்பறியும் தொடர் 'கொலம்போ'தான் முதல். கொலை செய்வது யார் என்று முதலிலேயே காட்டிவிட்டு, கசங்கிய மழைக்கோட்டோடு பீட்டர் ஃபாக் வந்து அவரை எப்படி மடக்குகிறார் என்பதுதான் கதையே. 1971-இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய எபிசோடு ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். நம் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்'தில் கேரட் கடிக்கும் பங்கஜ் கபூரைப் பிடிக்கும், வழக்குகள் மனதில் நிற்கவில்லை. 1993-இல் வந்த 'பியோம்கேஷ் பக்ஷி' நிதானமாக, ஆர்ப்பாட்டம் இல்லாமல் போகும், அதுதான் அதன் பலம். நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' பயத்தில் ஆரம்பித்து மனித மனத்தில் போய் முடிகிற விதம் இன்றைய சீரியல்கள் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதே கூட்டணியின் 'சிதம்பர ரகசியம்' நம் மாவட்டத்துக் கோயில் ஊரின் பெயரைத் தாங்கியது என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். எபிசோடுகள்தான் ரொம்ப நீளம்.

கடைசியாகப் பிரதிகளைப் பற்றி. இணையத்தில் பழைய படங்களை ஏற்றுகிறவர்கள், சதுரமாக இருக்க வேண்டிய கறுப்பு வெள்ளைப் படத்தை இன்றைய டிவிக்கு ஏற்ற மாதிரி மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். 'அந்த நாள்' இப்படி வெட்டிய ஒரு பிரதியில் விசாரணைக் காட்சியில் நிற்பவரின் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. விளக்கும் நிழலும் வைத்துக் கதை சொன்ன படம் அது, நிழல் விழும் மேல்பாதியை வெட்டினால் அப்புறம் என்ன மிச்சம்? பக்கத்தில் இரண்டு கறுப்புப் பட்டை தெரிகிற பிரதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அதுதான் முழுப்படம். வீடியோவுக்குக் கீழே இருக்கும் கருத்துகளைத் திறக்காதீர்கள், முதல் வரியிலேயே கொலைகாரன் பெயர் இருக்கும். வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் 'பொம்மை'யில் ஆரம்பியுங்கள், குழந்தைகளும் உட்காருவார்கள். எனக்கு அதில் ஒலி தெளிவாக உள்ள பிரதி இன்னும் கிடைக்கவில்லை. கடலூரிலோ பாண்டியிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.