பழைய பிளாட்டினம் வைர மோதிரம்: வருடக்கணக்காகப் போட்டுப் பார்த்த அனுபவம்

நியூயார்க்கின் 47ஆவது தெருவில், பழைய நகைகள் விற்கும் ஒரு கடையில் எங்கள் திருமணத்துக்காக வாங்கிய மோதிரம் இது. உட்புறத்தில் '10% இரிட் பிளாட்' என்று பொறித்திருக்கிறது. 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம் என்ற உலோகம் என்று அர்த்தம். அந்தக் காலத்து அமெரிக்க நகைகளில் பரவலாக இருந்த கலவை. 1942இல் போர்த் தேவைக்காக, பிளாட்டினத்தில் நகை செய்ய அமெரிக்க அரசு தடை போட்டது. வேலைப்பாட்டைப் பார்த்தால் அதற்கு முந்தைய, 1930களின் மோதிரம் என்றார் கடைக்காரர். பத்து வருடங்களுக்கு மேலாகத் தினமும் போடுகிறேன். லாக்கரில் வைத்ததே இல்லை.

நடுக்கல் முக்கால் காரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 'ஓல்டு யூரோப்பியன் கட்' என்பார்கள். இன்று வட்ட வைரங்களை வெட்டும் 'பிரில்லியன்ட் கட்' பாணிக்கான கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் வெளியிட்டது 1919இல். அது எங்கும் பரவுவதற்கு முந்தைய பாணி இது. மேல்முகம் சிறியது, மேற்பகுதி உயரம், அடிமுனையைக் கூராக விடாமல் சீவியிருப்பார்கள். அதனால் மேலிருந்து பார்த்தால் கல்லுக்கு நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும். அம்மா முதலில் கேட்டதே அதைத்தான். "நடுவுல ஏதோ புள்ளி தெரியுதே, தோஷம் இல்லையே? யார் போட்டதோ என்னவோ." அது குறை இல்லை, வெட்டிய விதம்தான் என்று சொன்னேன். இருந்தாலும் மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அவருக்கும் நிம்மதி.

இந்தக் கல்லின் ஒளியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. புதுக் கற்கள் கடை விளக்கில் பொடிப்பொடியாக மின்னும். இது நிதானமாக, பெரிய பெரிய துண்டுகளாக ஒளியை வீசும். சாயங்காலம் குத்துவிளக்குக்கு முன்னால் கையைத் திருப்பினால் சிவப்பும் பச்சையும் தெறிக்கும். நிறம் 'கே' தரம், அதாவது தூய வெள்ளை இல்லை, லேசான மஞ்சள் கலந்தது. சுற்றியுள்ள உலோகம் வெள்ளை என்பதால் கல்லின் மெல்லிய மஞ்சள் தெரியத்தான் செய்யும். எனக்கு அந்தச் சாயல் பிடித்திருக்கிறது. தூய வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

அடுத்து உலோகம். வெள்ளைத் தங்கத்துக்கு ரோடியம் முலாம் பூச வேண்டும், அது தேய்ந்தால் அடியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிளாட்டினத்துக்கு அந்த வேலை இல்லை. கீறல் விழும், நிறையவே விழும். ஆனால் தங்கம் தேய்ந்து குறைகிற அளவுக்கு இது குறையாது. கீறிய இடத்து உலோகம் பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். நாளடைவில் பளபளப்பு அடங்கி, மங்கலான சாம்பல் வெள்ளை வரும். கடைக்குப் போனாலே "பாலிஷ் போட்டுத் தரட்டுமா?" என்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விளிம்புகளில் 'மில்கிரெய்ன்' என்ற குருணை வேலைப்பாடு இருக்கிறது. பாலிஷ் போடப் போட அது அழியும்.

பக்கத்து விரலில் 22 காரட் தங்க மோதிரம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கலவை அதைவிடக் கடினமானது. என் தங்க மோதிரம் உரசிய பக்கத்தில் தேய்ந்துவிட்டது. இப்போது அதை மறு கையில் போடுகிறேன்.

கனமும் ஒரு விஷயம். ஒரு கன சென்டிமீட்டர் பிளாட்டினம் 21 கிராமுக்கும் மேல், 24 காரட் தங்கமே 19.3 கிராம்தான். குளிர்காலத்தில் விரல் சுருங்கும்போது மோதிரம் சுழன்று, கல் உள்ளங்கைப் பக்கம் போய்விடும். அளவைக் குறைத்தால் கோடையில் இறுக்கும். உள்வட்டத்தின் அடிப்பக்கம் இரண்டு குட்டி பிளாட்டின மணிகளைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சுழல்வதில்லை.

பழுது என்று பார்த்தால் ஒன்றுதான். நடுக்கல்லுக்கு இரு பக்கமும் மோதிரத்தில் வரிசையாக உள்ள பொடி வைரங்களில் ஒன்று விழுந்துவிட்டது. அவை 17 பட்டை கொண்ட 'சிங்கிள் கட்' கற்கள். ஒரு கடையில் அதற்குப் பதிலாக 57 பட்டை உள்ள புதுக் கல்லைப் பதித்துக் கொடுத்தார்கள். அளவு சரி, ஆனால் அது மட்டும் தனியாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. பிறகு பழைய கற்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நகை வேலைக்காரரைத் தேடிப்பிடித்து மாற்றினேன். பூதக்கண்ணாடியில் பார்த்த அவர், எனக்கு முன்பு யாரோ விரலைச் சுற்றும் மோதிரக் கம்பியின் ஓரிடத்தில் தங்கத்தை உருக்கி வைத்து ஒட்டியிருப்பதையும் காட்டினார். பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், தங்கத்துக்கு 1064 போதும். அதனால் சில இடங்களில் சுலபமாகத் தங்கத்தை வைத்து ஒட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் நிறம் மாறி ஒரு கோடு தெரியும். பழைய மோதிரம் வாங்கும்போது கல்லைப் பார்ப்பதற்கு முன் கம்பியின் பின்பக்கத்தையும் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சுத்தம் செய்வது எளிது. வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைகளில் வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு இருந்தால் கல் மங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் மட்டும் போட விடுவதில்லை, பழைய கொக்கிகள் தளர்ந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது, அந்தத் தங்க ஒட்டை எடுத்துவிட்டுப் பிளாட்டினத்திலேயே சேர்ப்பது. கல்லுக்குச் சூடு ஏறாமல் இருக்க லேசர் வெல்டிங் உள்ள இடத்தில்தான் கொடுக்கப் போகிறேன்.