டர்ன்டேபிள் விமர்சனத்தில் எண்கள் எங்கே?

கோவை கணபதியில், மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளுக்கு நடுவே எங்கள் வீடு. இங்கே ஒரு பம்பு நன்றாக ஓடுகிறது என்றால், "எத்தனை ஆம்பியர் இழுக்குதுங்க?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளின் விமர்சனங்களில் மட்டும் 'கதகதப்பான ஒலி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சில வருடங்களாக ஒரு பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் தலை) மாட்டிக் கேட்கிறேன். அந்த மெல்லிய சிக்னலைப் பெருக்க முதலில் வாங்கிய ஃபோனோ ப்ரீஆம்பில் வயலின் மேல்ஸ்தாயிக்குப் போனாலே காதைக் கீறும். நான் படித்த விமர்சனம் அதையே 'துல்லியம்' என்று புகழ்ந்திருந்தது. விஷயம் கெபாசிட்டன்ஸில், அதாவது ப்ரீஆம்பும் கேபிளும் கார்ட்ரிட்ஜின் மேல் ஏற்றும் மின்தேக்கச் சுமையில் இருந்தது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 100 முதல் 200 பிகோஃபாரட். ப்ரீஆம்புக்குள் மட்டுமே 220 இருந்தது. கேபிளையும் சேர்த்து மீட்டரில் பார்த்தால் 400-ஐத் தாண்டியது. கார்ட்ரிட்ஜ் சுருளின் இண்டக்டன்ஸோடு இது சேர்ந்தால் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம், கீச்சு ஒலிகளின் அளவு தேவைக்கு மேல் எகிறும். உள்ளே இருந்த கெபாசிட்டரைக் கழற்றி 47 போட்டு, கேபிளையும் குட்டையாக்கினேன். கீறல் போய்விட்டது. டீக்காசுதான் செலவு.

இரைச்சல் அளவு 70 டெசிபலா 80-ஆ என்ற சண்டையை நான் கண்டுகொள்வதில்லை. பழைய இசைத்தட்டின் கரகரப்பு அதற்கெல்லாம் மேலே நிற்கும்.

வேக ஆட்டத்துக்கான (தட்டு சுற்றும் வேகம் கூடிக் குறைவதற்கான) எண்ணைத்தான் யோசித்துப் படிக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் 0.025 சதவீதம் என்று போடுவார்கள். தட்டின் நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் போதும், 10 செ.மீ. ஆரத்தில் வேகம் கூடியும் குறைந்தும் அரை சதவீதம் ஆடும். 33⅓-ல் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் அதே கணக்கில் இடவலமாக ஊசலாடுவது கண்ணுக்கே தெரியும். நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை நெளிகிறதென்று டர்ன்டேபிளைத் திட்டுமுன் தட்டைப் பாருங்கள். வேகத்தை அளக்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைத் தட்டுக்கும் இதே வியாதி வரலாம்.

அப்புறம், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். என்னுடையது ஏசி சின்க்ரோனஸ் மோட்டார். வோல்டேஜைவிட ஃப்ரீக்வென்சிக்குத்தான் கட்டுப்படும். 50 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் சுருதியும் நகரும். ஆனால் அதே இன்வெர்ட்டரில் எரியும் நியான் விளக்கில் வேகம் சரிபார்க்கக் கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டைப் பார்த்தால் 180 கோடுகளும் அசையாமல் நிற்கும், விளக்கும் மோட்டாரும் சேர்ந்தே தப்புவதால்! சோதனைத் தட்டை ஓட்டி ஃபோன் செயலியில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். எந்த விமர்சனத்திலும் இதை நான் படித்ததில்லை.

அடுத்து ப்ரீஆம்ப் மாற்றும் எண்ணம் இருக்கிறது. உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸும் ஆர்ஐஏஏ விலகலும் (இசைத்தட்டுக்கான ஒலிச்சமன் தரத்திலிருந்து எவ்வளவு தப்புகிறது என்பதும்) அச்சிடாத பெட்டியை எடுக்கப்போவதில்லை.